நாற்பத்தொன்றுக்கு ஒரு தவணை

“நாற்பத்தொண்ணை இன்னிக்கு அழிச்சிடலாம்மா. அது தேறாது.”

திட்டத் தலைவர் தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

மூட்டை சுமந்து மாடிப்படி ஏறும் நாலுகால் இயந்திரத்துக்கு நடை பழக்குவது அவர்கள் வேலை. கணினிக்குள் அறுபது நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. விழுந்து எழுந்து தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும்; விழாமல் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் மதிப்பெண் உண்டு. வாரக் கடைசியில் மதிப்பெண் குறைந்த பதினைந்தை அழித்துவிட்டு, முன்னணியில் நிற்பவற்றை இரண்டிரண்டாகக் கலந்து வாரிசுகளை உண்டாக்குவார்கள். கற்பதும் கழிப்பதும் கைகோத்தால் காரியம் சீக்கிரம் முடியும் என்பது தலைவரின் நம்பிக்கை.

நாற்பத்தொன்றாவது நிரல் மூன்றாம் படியையே தாண்டவில்லை.

அவள் அதன் பதிவுகளைத் திரையில் ஓட்டிக் காட்டினாள். விழுகிறது, வாஸ்தவம்தான், ஆனால் ஒரு தடவை விழுந்த மாதிரி மறு தடவை விழவில்லை. மற்றவை கிடைத்த நடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிட்டன, இது மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று வாதாடினாள்.

“மெதுவா கத்துக்கிறதை எல்லாம் முதல் வாரமே கழிச்சுக் கட்டினா, அவசரக்குடுக்கைங்கதான் சார் மிஞ்சும்.”

தலைவர் சிரித்துவிட்டு மூன்று வாரம் தவணை கொடுத்தார்.

கூட வேலை செய்தவர்கள் அதை அவளுடைய செல்லப்பிள்ளை என்று கேலி செய்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விழுந்தாலும் பரவாயில்லை, புதிதாக ஒன்றை முயன்றால் அதற்கும் கொஞ்சம் மதிப்பெண் என்று விதியைத் திருத்தினாள். மதியச் சாப்பாட்டைக்கூடத் திரைக்கு முன்னால்தான் சாப்பிட்டாள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் அது ஐந்தாம் படிவரை போய் உருண்டது. பதினெட்டாம் நாள் பதினொன்றாம் படி. மறுநாள் மாடிக்கே ஏறிவிட்டது. அடுத்து வந்த அதன் வாரிசுகள் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன.

“உன் பொறுமை லேசுல யாருக்கும் வராதும்மா” என்றார் தலைவர், எல்லோரையும் கூட்டி வைத்து.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நல்லவேளையாகக் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்தாள்.

பேசியவர் குழந்தைகள் காப்பகத்தின் மேற்பார்வையாளர். பேச்சு தாமதமாகத்தான் வரும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொன்ன அதே மாதம், ஐந்து வருடத்துக்கு முன்னால், கையெழுத்துப் போட்டு அவள் தன் மகளை விட்டுவிட்டு வந்த இடம் அது.

“பாப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சு மேடம். நேத்து முதல் தடவையா அம்மான்னு கூப்பிட்டா.”

கொஞ்சம் தயங்கிவிட்டு அவரே மெல்லச் சொன்னார்: “எங்க சமையல்காரம்மாவை.”