இருபத்தாறாவது பெயர்

"பொண்டாட்டியை இப்படியா கூட்டிட்டு வர்றது? நீங்க பாட்டுக்கு முன்னாடி ஓடி வர்றீங்க, அவங்க மூச்சு வாங்கிக்கிட்டு எங்கேயோ பின்னாடி வர்றாங்க. ஒரு கை பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

மருந்துக் கவுன்ட்டர் அம்மாள் போட்ட போட்டில் வரிசையே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் அசடு வழிய நின்றார். பின்னால் வந்தவள் பக்கத்தில் வந்து சேர்ந்ததும் மறுபடியும் இரண்டடி தள்ளியே நடந்தார். திருந்துகிற ஆளாகத் தெரியவில்லை.

மாதாமாதம் மாத்திரை வாங்க அவர் மட்டும்தான் வருவார். கவுன்ட்டர் அம்மாள் இங்கே மாற்றலாகி வந்த இந்தப் பத்து மாதத்தில் அவருடன் ஒரு பெண்ணைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அன்று மருந்து கம்பெனி அதிகாரி வந்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் வந்த நாற்பது பேருக்கு அந்தக் கம்பெனி மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவந்தது. காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த மாதத்துக்கான மாத்திரை கிடைக்கும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் நோயாளி நேரில் வந்து முகம் காட்ட வேண்டும். வராதவர் பெயரைப் பட்டியலில் அடித்துவிடுவார்கள், மாத்திரையும் நின்றுவிடும்.

"இப்ப எத்தனை பேர்?" சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் அதிகாரி. வேலைக்குப் புதியவர், போன வருடம் வந்தவர் வேறு ஆள்.

"இருபத்தாறு சார். பதினாலு பேர் போயிட்டாங்க." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அந்த இடத்துல வேற யாரையாவது சேர்த்துக்கலாமா சார்? தினம் நாலு பேர் வந்து கெஞ்சுறாங்க. வார்டுல கிடக்குறவங்க முகத்தைப் பார்க்க முடியல."

"சேர்க்கை மூடியாச்சும்மா. ஏற்கெனவே இருக்கறவங்களுக்கு மட்டும்தான். மேல எடுத்த முடிவு, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவின் மூடியைத்தான் பார்த்தார்.

பட்டியலில் கடைசிப் பெயர், இருபத்தாறாவது, தையல்காரர் மனைவியுடையது. அடையாள அட்டையில் இருந்த படத்தையும் எதிரே இருந்த முகத்தையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளே மாறிட்டீங்களே!"

"அப்ப முகமெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு சார்." தையல்காரர் முந்திக்கொண்டார்.

படத்தில் இருந்த அதே பச்சை ஸ்வெட்டரைத்தான் அவள் இன்றும் போட்டிருந்தாள். ஸ்வெட்டரின் கைகள் அவளுக்கு நீளமாகி விரல்களை மூடியிருந்தன. ஸ்வெட்டரைப் பார்த்ததும் அதிகாரிக்கும் சமாதானமாகிவிட்டது.

"வயசு?"

"நாப்பத்திரெண்டு சார்."

"பிறந்த தேதிப்படி போன மாசமே நாப்பத்திமூணு ஆயிடுச்சே?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா சார். ஆகியிருக்கும்."

"பொண்டாட்டி பிறந்தநாளைக்கூட மறந்தாச்சா? நல்லா இருக்கு!" கவுன்ட்டர் அம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை.

அவள் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். "பரீட்சை எழுதற மாதிரி எழுதறீங்களே," என்று அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அடுத்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் ரொம்ப மோசமாப் போயிக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கப்புறம் பாருங்க, மாசத்துக்கு மாசம் தேறிக்கிட்டே வருது! உங்க மனைவி பிழைச்சுட்டாங்க, ஐயா!"

தையல்காரரின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வரிசையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று கவுன்ட்டர் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல அழறீங்களே! ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எங்க கம்பெனி ஆண்டறிக்கையில முதல் பக்கம் உங்களுக்குத்தான்."

நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. "கிட்ட வாங்க, இன்னும் கிட்ட," என்று கையை ஆட்டி அலுத்துப்போய், அதிகாரி அப்படியே எடுத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, பெயருக்கு நேரே பச்சை மையில் ஒரு 'சரி' போட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. தையல்காரர் மருந்துப் பையை அவளிடம் கொடுத்தார். அடையாள அட்டையை மட்டும் எடுத்து, படத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை துடைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"காலி அட்டையைத் தூக்கிப் போட்டுடாதே."

"மாட்டேன்." அவள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "அந்தப் போட்டோவை வேணாம்னு சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

"இருக்கட்டும்மா. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த உன்னைக் கைகாட்டி, 'இனி என் மாத்திரையை அவளுக்கு வாங்கிக் குடுங்க'ன்னு சொல்லிட்டுத்தானே என் பொண்டாட்டி செத்தா."