தலைக்கு எவ்வளவு

அறிவிப்புப் பலகையில் மேல்வீட்டுக்கு முதலிடம் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மேல்வீடு என்றால் ஓரகத்தி வீடு. நாள் முழுக்க ஏசி ஓடும். முக்குக் கடைக்குக்கூடக் காரில்தான் போவாள். அவள் வீட்டில் புகை குறைவாம்.

போன வாரம் குடியிருப்புச் சங்கம் அனுப்பிய பெண் வீடு வீடாக வந்தாள். மின்சாரம், சமையல் எரிவாயு, பெட்ரோல் எல்லாம் கேட்டு, அதனால் மாதம் எத்தனை கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். மேல்வீட்டுக்குத் தலைக்கு நூற்றுப்பத்து. கீழ்வீட்டுக்கு, அதாவது இவளுக்கு, நூற்று முப்பது.

விளக்கை அணைத்து அணைத்து இவள் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வயிற்றெரிச்சலை அளக்கக் கருவி இல்லாமல் போனது கீழ்வீட்டின் அதிர்ஷ்டம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேல்வீட்டு வரியை மறுபடி படித்தாள். மொத்தம் முந்நூற்று முப்பது. ஆட்கள் மூன்று.

மூன்றா? மேலே இருப்பது புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆள் கணக்கால் வகுத்துத்தான் போடுவார்கள் என்று அந்தக் கள்ளிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

தன் வீட்டு வரியை இவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் இருப்பது தெரிந்ததுதானே.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார், எங்கே என்பதுபோல் பார்த்தார். முட்டிவலிக்காரர், படியேறியே வருஷக்கணக்காகிறது என்பது இவள் நினைப்பு. இவள் விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

"உங்க வீட்ல ரெண்டு பேர்தானே? யாரு அந்த மூணாவது ஆளு?"

ஓரகத்தி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "மாமாதான்க்கா. அந்தப் பொண்ணுகிட்ட உங்க வீட்ல மூணு பேர்தான்னு நீங்க சொன்னது உள்ள அவருக்குக் கேட்டிருக்கு. கைப்பிடியைப் பிடிச்சு ஏறி வந்து, 'என்னை உங்களோட சேர்த்துக்கம்மா'ன்னு கேட்டாரு."

ஆள் குறைந்தால் புகையும் குறையும் என்று நினைத்துத்தான் இவள் அப்படிச் சொன்னாள். புருஷன், மகள், தான். மாமனாரையும் சேர்த்து நாலு என்று சொல்லியிருந்தால் தலைக்கு நூறுகூட வந்திருக்காது, முதலிடம் கீழ்வீட்டுக்குத்தான்.

அந்தக் கணக்கெல்லாம் இப்போது மனசில் ஏறவில்லை. இத்தனை வருஷமாக அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்தவள் இவள். சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்டது அவளிடம்.