மச்சானின் பாரோமீட்டர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

என் மச்சான் வீட்டுச் சுவரில் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் தொங்கியது. முள் இறங்கினால் மழை வரும், மழைக்கு முன் ஏரி மீன் பசியெடுத்துத் தூண்டிலைக் கடிக்கும் என்பார். சொன்னபடியே கை நீளக் கெண்டையோடு திரும்புவார்.

“எங்க அண்ணனும் மீன் பிடிக்கிறார், நீங்களும் பிடிக்கிறீங்களே!” என்பாள் மனைவி. எனக்கு வயிறு எரியும்.

அந்த பாரோமீட்டரைத் திருடினேன். முள் இறங்கிய அன்றே ஏரிக்குப் போனேன். மீன் என்னை உள்ளே இழுக்க, நான் அதை வெளியே இழுக்க, தண்ணீர் தெறித்துத் தெறித்தே ஏரி பாதி வற்றிவிட்டது. மச்சானுடையதைவிடப் பெரிய கெண்டையோடு வீடு திரும்பினேன்.

“அடேங்கப்பா! அண்ணன் இனிமே தூண்டிலை அடுப்புல வைக்க வேண்டியதுதான்!” என்றாள் மனைவி.

அன்று வீடு திரும்பும் வழியில், மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் தூண்டிலும் கையுமாக நின்றவர் மச்சான்.