இரண்டாவது போல்ட்

ரெஞ்சின் எண் எழுபதில் நின்றது.

எழுபது, பின்சக்கரத்தை இறுக்கும் அளவு. முன் பிரேக்குக்கு முப்பத்தைந்து.

அவன் ரெஞ்சை வெயிலில் திருப்பிப் பார்த்தான். எழுபதேதான்.

அப்படியென்றால், முன் பிரேக்கை இறுக்கவில்லையா?

பைக் போய்விட்டது. அவன் மனைவி கோகிலவாணி அதை ஓட்டிக்கொண்டு போய், பந்தயப் பாதையின் வாயிலில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்றுவிட்டாள்.

காலைப் பந்தயத்தில் அவள்தான் முதல். மதியமும் முதலாக வந்தால் அடுத்த வருடம் சென்னைக் குழு ஒன்று அவளை எடுத்துக்கொள்ளும். அந்தக் குழுவின் ஆள் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்.

வராவிட்டால் இன்றோடு சரி. சாமான் ஏற்றிவந்த வேனைக்கூட விற்றாகிவிட்டது. வாங்கியவர் பெரிய மனது பண்ணி, சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

அந்த வேனின் நிழலில்தான், இரண்டு பந்தயங்களுக்கு நடுவே, முதலில் பின் டயரையும் பிறகு முன் டயரையும் மாற்றினார்கள். முன்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முதலில் பிரேக்கைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்து நிற்பவை இரண்டே போல்ட்டுகள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவன் இறுக்குவான். எண்ணில் திருப்பிவைத்த அளவு வந்ததும் ரெஞ்ச் டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் காதால் கேட்ட பிறகு, அவள் போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பாள். இறுக்கியவரே கோடு போடக் கூடாது. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

இன்று, டயரைச் சூடாக்க வைத்திருந்த ஜெனரேட்டர் பக்கத்திலேயே அலறிக்கொண்டிருந்தது. காதில் எதுவும் விழவில்லை.

நடுவில் பக்கத்துக் குழுவின் தங்கமுத்து வந்து நின்றான். பெட்ரோல் ஊற்றப் புனல் வேண்டுமாம்.

"என்ன பங்காளி, பொண்டாட்டிய முன்னால உட்டுட்டு நீ பின்னால பானா தூக்கிட்டுத் திரியறே?"

அவன் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் புனலை எடுத்துக் கொடுத்தான். திரும்பி வந்தபோது இரண்டு போல்ட்டுகளிலும் கோடு இருந்தது.

கோடு இருந்ததால், இறுக்கியாயிற்று என்று அவன் நினைத்தான்.

அவன் கையில் ரெஞ்ச் இருந்ததால், இறுக்கியாயிற்று என்று அவள் நினைத்திருப்பாள்.

அல்லது, எழுந்து போவதற்கு முன்பே சின்ன பானாவால் இறுக்கினானா? அவசரத்துக்கு அப்படியும் செய்வதுண்டு. கண்ணை மூடி யோசித்தான். புனல்தான் ஞாபகம் வந்தது. அதன் பச்சை நிறம்கூட வந்தது. போல்ட் வரவில்லை.

ஓடினான்.

கையால் முடுக்கிய போல்ட்டே கடைசி வரை தாங்கியிருக்கிறது. தாங்காமல் போனதையும் அவன் பார்த்திருக்கிறான்.

வாயிலில் கொடியோடு நின்ற அதிகாரி குறுக்கே கையை நீட்டினார்.

"வரிசைக்கு வந்த வண்டிங்க. பானாவ வெச்சீங்கன்னா அவ்ளோதான், வெளிய தள்ளிருவேன்."

ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவன் முன் பிரேக்கைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். கையுறை விரலால் வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கட்டை விரலை உயர்த்தினாள்.

சிரிக்கிறாள். கண்ணே சொன்னது.

நேர்ச்சாலை முடிகிற இடத்தில், அத்தனை வேகத்தில், அவள் பிடிக்கப்போவது இந்தப் பிரேக்கைத்தான்.

முன்னால் நின்ற வண்டிகள் உறுமின.

அவன் மேடையைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. மண்டியிட்டு, எண்ணை முப்பத்தைந்துக்குத் திருப்பினான். விரல் வழுக்கியது. மறுபடி திருப்பினான். மேல் போல்ட்டில் ரெஞ்சை வைத்து இழுத்தான்.

போல்ட் நகரவே இல்லை. ரெஞ்ச் டக்கென்றது. அந்த இரைச்சலில் காதில் விழவில்லை, உள்ளங்கையில் தெரிந்தது.

இறுகித்தான் இருந்தது.

அதிகாரி கொடியை அவள் முன்னால் இறக்கி, ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டினார். வாயில் திறந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் போயின.

சத்தம் தூரத்து வளைவில் போய்த் தேய்ந்தது.

கோகிலவாணி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இன்னொன்னு இருக்குது மாமா" என்றாள்.

அவன் பக்கத்தில் மண்டியிட்டு, காதை போல்ட்டுக்கு அருகே சாய்த்துக்கொண்டாள்.

அவன் கீழ் போல்ட்டில் ரெஞ்சைப் பொருத்தினான்.

லூசாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டான்.