கழிப்பறையின் கீழ்க்கதவு

மின்கம்பியும் குழாயும் எட்டாத மேட்டில் தணிகைவேல் சிக்கனமாக வீடு கட்டினான். மழைநீர்த் தொட்டி முடிந்து, தண்ணீர் ஊற்றாமல் மலத்தை மக்கவிடும் கழிப்பறை எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார் சூசை, வரைபடத்தில் தரையோடு இருந்த சிறு கதவைக் காட்டினான்.

"வருசம் கழிச்சு இதத் தொறந்து அள்ளப்போறது யாருங்க?"

"அதுக்குள்ள மக்கி எருவாயிடும். நாத்தமே இருக்காது."

"யாருன்னு கேட்டேன்."

"ஆள் பாத்துக்கலாம்."

சூசையின் அப்பா மலம் அள்ளும் வேலையிலேயே செத்தவர். கட்டியதை இடித்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் அவன் அளவு நாடாவை எடுத்தான்.

"அள்ளுற ஆளுக்குத் தக்கதான் கதவு வைக்கணும். நீங்க முட்டி போட்டுக் காட்டுங்க."

சித்தாள்கள் சட்டியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். தணிகைவேல் மண்ணில் முட்டி போட்டான். தோளிலிருந்து தரைவரை சூசை அளந்தான். அந்த அளவையே வரைபடத்தில் கதவுக்குக் குறித்தான்.