குரல் ஒத்து வந்தால் போதும்

சிரிப்புக் கதைதான், ஆனால் சிரிப்பு கடைசியில்தான், அவசரப்படாதீர்கள்.

இரை தேட முடியாதவர்களுக்கு இலவசத் தானியம் அளக்கும் வேலை, காட்டில் இருந்த ஒரே ஆந்தையாருக்கு. பகலில் கண் தெரியாததால் குரலை வைத்தே ஆள் அறிவார்.

தொண்டை கட்டிப்போன கிழப் புறாவை, “குரல் ஒத்து வரலை, போம்மா!” என்று இன்றும் விரட்டினார். அவள் பட்டினியில் தள்ளாடினாள்.

எந்தக் குரலிலும் பேசத் தெரிந்த மைனா இதைப் பார்த்தது; அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உயிரோட நிக்கிறவளுக்கு இல்லையா? இருடா!”

செத்துப்போன காடையின் குரலில் கேட்டது, தானியம் வந்தது. பருந்து தின்ற கௌதாரியின் குரலில் கேட்டது; அதுவும் வந்தது. எல்லாவற்றையும் புறாவின் முன்னால் கொட்டிவிட்டுக் ஆந்தையாரின் கட்டைக் குரலிலேயே இழுத்தது: “ஐயா, ஆந்தை வந்திருக்கேன். கண்ணு தெரியலை.”

“குரல் சரிதான், பிடி!” என்று அள்ளி நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது.

“ஏய்... ஆந்தை நான்தானே!”