மூக்கு சாரின் தீர்ப்பு

"மாமா, ஜன்னலோரம் உக்காந்திருக்கிறது யாருன்னு பாத்தீங்களா? மூக்கு சார்!" என்று ஓடி வந்தான், கடையில் கூடமாட வேலை பார்க்கும் மச்சான்.

பப் முதலாளியின் கையிலிருந்த துணி நழுவியது. மூக்கு சாரைத் தெரியாத பீர் பிரியர் உண்டா? ஊர் ஊராகப் போய், ஒரு பப் விடாமல் குடித்துப் பார்த்துப் பத்திரிகையில் எழுதுகிறவர். நல்லதாக நாலு வரி எழுதினால் வாசலில் கூட்டம் நெரியும். மோசம் என்று எழுதிவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். கொஞ்ச காலமாக மனுஷன் எழுத்தையே காணோம். மறுபடி பிள்ளையார் சுழி போட இந்தக் கடைதானா கிடைத்தது?

"டேய் மச்சான், இந்த வாரம் பீப்பாய்க் குழாயைக் கழுவினியா?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "நீங்க கழுவியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீ கழுவியிருப்பேன்னு நான் நெனச்சேன். வெளங்கிடும். அவருக்கு இன்னும் பீர் குடுக்கலைல்ல?"

"குடுத்துட்டுத்தானே வரேன்."

பீப்பாயிலிருந்து பீர் வருகிற குழாயை வாராவாரம் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுக்குப் படிந்து பீரின் வாசனையே கெட்டுவிடும். சாதாரண ஆட்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். இவர் சாதாரண ஆளா?

முதலாளி ஓடினார். அதற்குள் மூக்கு சார் கிளாஸை வாயில் வைத்துவிட்டார். எதிரே அவர் மனைவி, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கு சார் ஒரு வாய் குடித்தார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முகம் கோணியது.

"கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்குது," என்றார்.

"என்ன சொன்னீங்க?" மனைவியின் குரல் நடுங்கியது.

"வெண்ணெய். கூடவே ஈரச் சாக்கு நாத்தம். குழாயே கழுவலை."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. ஆசையாக வந்த இடத்தில் இப்படியா என்று அழுகிறார் போல. இருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் முதலாளி ஆரம்பித்த பப் இது.

"தப்பு எங்க மேலதான் சார். பாட்டில் பீர் ஒண்ணு தெறந்து தரேன்," என்று கிளாஸை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க," என்று அந்த அம்மாள் கிளாஸைப் பிடித்துக்கொண்டார்.

மூக்கு சார் அதை வாங்கி மறுபடி மோந்தார், மறுபடி குடித்தார். சொட்டு மிச்சம் வைக்கவில்லை. ஐயோ, முழுசாகக் குடித்துவிட்டு முழுசாக எழுதித் தொலைக்கப் போகிறார் என்று முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"எழுதிடாதீங்க சார். இனிமே தினமும் கழுவறோம்."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போன வருஷம் வந்த காய்ச்சல்ல இவருக்கு வாசனையே தெரியாமப் போயிடுச்சுங்க. வீட்ல விதவிதமா ஊத்திக் குடுத்தேன், ஊர் ஊரா இழுத்துட்டுப் போனேன், எவ்வளவு ஒசத்தியான பீரும் இவருக்குப் பச்சைத் தண்ணிதான். இன்னைக்குத்தான் முதல் தடவையா நாறுதுன்னு சொல்றாரு."

மூக்கு சார் காலி கிளாஸை முதலாளியிடம் நீட்டினார். "குழாயை நாளைக்குக் கழுவிக்கலாம். இதுலயே இன்னொண்ணு கொண்டாங்க."